சிவப்பாகத்தான் எரிகிறது, ஆனாலும் பேப்பர் கறுக்கிறது: வீட்டில் செய்த சேஃப்லைட்டில் பிழை பிடிக்கும் வழி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பூட்டிக் கிடக்கும் வளவு அறைகளில் (வீட்டு முற்றத்தைச் சுற்றிய அறைகள்) ஒன்றை ஒழித்து டார்க்ரூம் (போட்டோ பிரிண்ட் எடுக்கும் இருட்டறை) போடுகிறவர்களுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. சுவர் தடிமன், ஜன்னல் குறைவு, உள்ளே வெயில் எட்டாது. தொல்லை கொடுப்பது சேஃப்லைட்தான் (போட்டோ பேப்பரைக் கெடுக்காமல் நம் கண்ணுக்கு மட்டும் வெளிச்சம் தரவேண்டிய மங்கல் விளக்கு), அல்லது சேஃப்லைட்டின் தலையில் பழி விழும் வேறு ஏதோ ஒன்று. எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். அதற்கு முன் ஒன்றை மட்டும் முடிவுசெய்துகொள்ளுங்கள்.

## டெவலப் செய்யும் டிரேயில் இறங்கப்போவது எது?

கிரேடு பேப்பர்களில் (காண்ட்ராஸ்ட், அதாவது கறுப்பு வெள்ளை வேறுபாடு, ஒரே அளவில் நிலையானவை) பெரும்பாலானவை நீல ஒளிக்கு மட்டும் கூசும், அதாவது அந்த ஒளி பட்டால்தான் கறுக்கும். ஃபில்டரால் காண்ட்ராஸ்டை மாற்றக்கூடிய மல்டிகிரேடு பேப்பர் நீலம், பச்சை இரண்டுக்கும் கூசும். இரண்டுக்குமே கோடாக்கின் ஓசி, இல்ஃபோர்டின் 902 போன்ற வெளிர்பழுப்பு ஃபில்டர் போதும் (ஓசி என்பது பெயர்தான், விலை ஓசி இல்லை). சிவப்பும் ஆகும். லித் ஃபிலிம், ஆர்த்தோ ஃபிலிம், பச்சைக்குக் கூசும் எக்ஸ்ரே ஃபிலிம் ஆகியவற்றுக்கு அடர்சிவப்பு மட்டுமே. கேமராவில் போடும் சாதாரண பான்குரோமாட்டிக் (எல்லா நிறத்துக்கும் கூசும்) ஃபிலிமுக்கும் கலர் பேப்பருக்கும் கும்மிருட்டுதான். அதில் லைட் அடித்துவிட்டதென்றால் சரிபார்க்க ஒன்றுமில்லை, விளக்கை அணையுங்கள்.

## அறிகுறி: பிரிண்டின் வெள்ளை ஓரமே சாம்பலாக வருகிறது

விளக்கைக் கழற்றி வீசும் முன் சாம்பல் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். அரை மணி நேர வேலை. சேஃப்லைட்டையும் அணைத்துவிட்டு, கும்மிருட்டில் ஒரே பேப்பரிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் நாலு கீற்று வெட்டுங்கள். இருட்டில் எண் எழுத முடியாது. அதனால் முதல் கீற்றின் மூலையில் ஒரு வெட்டு, இரண்டாவதில் இரண்டு என்று கத்தரியால் அடையாளம் போடுங்கள். விரல் தடவினாலே தெரியும்.

ஒரு வெட்டுள்ள கீற்று டெவலப்பரை (படத்தை வெளிக்கொணரும் கரைசல்) பார்க்காமல் நேரே ஃபிக்சருக்குள் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்) போகட்டும். இரண்டு வெட்டுள்ளது டெவலப்பர், ஸ்டாப் (டெவலப் ஆவதை நிறுத்தும் கரைசல்), ஃபிக்சர் என்று முழுச் சுற்று போகட்டும். மூன்றாவதை உச்சிப்பொழுதில், கதவைச் சாத்திய அறையில், எந்த விளக்கும் இல்லாமல் மேஜை மேல் 10 நிமிடம் மல்லாத்திப் போட்டுவிட்டு டெவலப் செய்யுங்கள். நாலாவதை என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி) அடியில் வையுங்கள். லென்ஸ் மூடியைப் போட்டு, என்லார்ஜர் பல்பை 2 நிமிடம் எரியவிட்டு, பிறகு டெவலப் செய்யுங்கள். எல்லாம் முடியும்வரை சேஃப்லைட் எரியக் கூடாது. பிறகு நாலையும் வெளிச்சத்தில் பக்கம்பக்கமாக வைத்துப் பாருங்கள்.

### இரண்டாவது கீற்று முதலாவதைவிடச் சாம்பல் என்றால்

விளக்குக்கு இதில் சம்பந்தமே இல்லை. பேப்பர் பழசு, அல்லது டெவலப்பர் கெட்டது, அல்லது சூடானது. சித்திரை வெயிலில் மதியம் குழாய்த் தண்ணீரில் கலக்கிய டெவலப்பர் 30 டிகிரியைத் தாண்டிவிடும்; பேப்பர் டெவலப்பர்களுக்கு வகுத்த வெப்பம் 20 டிகிரி. ராத்திரி முழுக்க மண்பானையில் ஊறிய தண்ணீரில் கலக்குங்கள். அதுவும் போதாவிட்டால் ஐஸைப் பாலித்தீன் பையில் கட்டி டிரேக்குள் மிதக்கவிடுங்கள். நேராகப் போட்டால் டெவலப்பர் நீர்த்துப்போகும்.

பரணிலிருந்து எடுத்த 'இந்து' பேப்பர் பெட்டி என்றால் வேறு சோதனையே வேண்டாம். உதகையில் 1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் சரக்கு அது. ஆலை மூடிக்கிடக்கிறது, ஆகவே கையில் கிடைப்பது எதுவானாலும் பல வருடம் ஓட்டுக்கடியில் வெந்த சரக்குதான். பொட்டாசியம் புரோமைடின் 10 சதவீதக் கரைசலை லிட்டர் டெவலப்பருக்கு 10 மில்லி சேர்த்தால் அந்தச் சாம்பல் மூட்டம் ஓரளவு அடங்கும். பேப்பரின் வேகம் குறையும், அதனால் எக்ஸ்போஷரை (பேப்பருக்கு வெளிச்சம் காட்டும் அளவை) கூட்டவேண்டும். அப்படியும் சாம்பல் போகாவிட்டால் பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், ஐயா படத்தை அதில் போட வேண்டாம்.

### மூன்றாவது மட்டும் சாம்பல் என்றால்

வெளிச்சம் அறைக்குள் கசிகிறது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே 15 நிமிடம் சும்மா உட்காருங்கள். கண் பழகப் பழக ஓட்டைகள் ஒவ்வொன்றாகத் தெரியும். செட்டிநாட்டு வீட்டில் வழக்கமான இடங்கள் இவை: பர்மா தேக்குக் கதவின் பெரிய சாவித் துவாரம், இரட்டைக் கதவு சேரும் நடுக்கோடு, நிலைப்படிக்கும் கதவுக்கும் இடையிலான இடுக்கு, கதவுக்கு மேலே வண்ணக் கண்ணாடி பதித்த வளைவு. சாவித் துவாரத்துக்கு ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் போதும். கதவடியில் மணல் நிரப்பித் தைத்த துணிக்குழலைப் போடுங்கள். கறுப்புத் திரை ஒரு மடிப்பு போதாது, இரண்டு வேண்டும். திரை சுவரின் மேல் அரை அடி படிந்து கிடக்கட்டும்.

ஆத்தங்குடிக் கல்லும் முட்டைச் சுண்ணாம்புப் பூச்சும் கண்ணாடி மாதிரி. கதவடியில் நுழையும் ஒரு கோடு வெளிச்சம் தரையில் பட்டு, சுவரில் ஏறி, மேஜைவரை வந்துவிடும். கதவிலிருந்து மேஜைவரை தரையில் ஒரு பழைய ஜமுக்காளத்தை விரித்தாலே பாதி அடங்கும். செலவில்லாத வழி, இரவு ஏழு மணிக்கு மேல் வேலை செய்வது.

வண்ணக் கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே சிவப்புக் கண்ணாடி இருக்கிறதே, அதன் வழியாக வரும் வெயிலே சேஃப்லைட் ஆகாதா என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஆகாது. நல்ல சிவப்புக் கண்ணாடியே ஆனாலும் வெயிலின் உரத்துக்கு முன் 15 வாட் பல்பு எம்மாத்திரம்! பக்கத்துக் கட்டம் பச்சையோ நீலமோ ஆக இருக்கும் என்பது வேறு.

### நாலாவது மட்டும் சாம்பல் என்றால்

என்லார்ஜரின் பல்புக் கூட்டிலிருந்தோ பெல்லோஸிலிருந்தோ (லென்ஸுக்கு மேலுள்ள மடிப்புத் துருத்தி) வெளிச்சம் கசிகிறது. இருட்டில் பல்பைப் போட்டுச் சுற்றிவந்து பாருங்கள். சுவரில் வெள்ளைக் கோடு விழுந்தால் அங்கே கறுப்பு அட்டையால் ஒரு மறைப்பு. சூடாகும் பகுதியின் காற்றுத் துளையை மட்டும் அடைக்காதீர்கள். பெல்லோஸில் ஊசித்துளை என்றால் கறுப்புத் துணி டேப். மடிப்பு முழுக்க வெடித்திருந்தால் கேமரா மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றுவதே மிச்சம். ஒட்டிய டேப்பே அடுத்த மடிப்பைக் கிழிக்கும்.

### நாலும் ஒரே வெள்ளை என்றால்

இப்போதுதான் சேஃப்லைட் மேல் சந்தேகப்படலாம். காசு செலவில்லாத காரணங்களிலிருந்து தொடங்குங்கள்.

தூரம். 15 வாட் பல்பும் ஃபில்டரும் உள்ள பெட்டி பேப்பரிலிருந்து குறைந்தது 4 அடி, அதாவது 1.2 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும். 2 அடிக்கு வந்தால் பேப்பரில் விழும் வெளிச்சம் நாலு மடங்கு. டிரேக்கு நேர் மேலே ஆணியடித்துத் தொங்கவிட்டிருப்பதுதான் நாம் அதிகம் காணும் தவறு. அதை மேல்நோக்கித் திருப்பிவிடுங்கள். கூரை உயரமாக, வெள்ளையாக இருந்தால் அதில் பட்டு வரும் வெளிச்சமே அறை முழுக்கப் போதும். தேக்குக் கட்டைகள் நெருக்கமாக ஓடும் கூரை வெளிச்சத்தை விழுங்கிவிடும், அங்கே பக்கச் சுவரை நோக்கித் திருப்புங்கள்.

வாட். 15 வாட் எழுதிய இடத்தில் 40 வாட் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், இது நிறைய நடக்கிறது.

ஓட்டை. பிஸ்கட் டின்னில் செய்த பெட்டியென்றால் மூடி சேருமிடம், ஒயர் நுழையும் துளை, காற்றுத் துளை. இருட்டில் பெட்டியைச் சுற்றி ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து நகர்த்துங்கள். சிவப்பல்லாத கோடு தாளில் விழுந்தால் அதுதான் கள்ளன்.

இவை மூன்றும் சரியென்றால் ஃபில்டர் அல்லது பல்பு. கீழே சி.டி. சோதனைக்குப் போங்கள்.

## அறிகுறி: ஓரம் பளிச்சென்று வெள்ளை, ஆனால் படம் மட்டும் மங்கல்

இதுதான் ஆளை ஏமாற்றும் அறிகுறி. வேட்டியின் மடிப்பு தெரியாது, நெற்றியில் பூசிய திருநீற்றுப் பட்டை வெள்ளையாக இல்லாமல் சாம்பலாகக் கிடக்கும். காண்ட்ராஸ்ட் போதவில்லை என்று கிரேடை ஏற்றிக்கொண்டே போவார்கள். பேப்பர் மேல் காசை வைத்து 5 நிமிடம் சேஃப்லைட்டில் காட்டி டெவலப் செய்து, 'வட்டம் விழவில்லை, விளக்கு நல்ல விளக்கு' என்று சான்றிதழும் கொடுத்துவிடுவார்கள்.

காசுச் சோதனை பாதிதான் உண்மை சொல்லும். பேப்பருக்கு ஒரு தொடக்கப் படி உண்டு. அதற்குக் கீழே விழுந்த வெளிச்சம் வெற்றுப் பேப்பரில் காட்டாது. படத்தின் வெளிச்சம் ஏற்கெனவே அந்தப் படியைத் தாண்டி வைத்த இடங்களில், அதே சேஃப்லைட் சேர்ந்துகொண்டு கறுக்கவைக்கும். வெள்ளை ஓரம் தப்பிவிடும், திருநீறு மாட்டிக்கொள்ளும்.

அதனால் பேப்பரை முதலில் அந்தப் படிவரை ஏற்றிவிட்டுச் சோதிக்கவேண்டும். சேஃப்லைட்டை அணைத்துவிட்டு, நெகட்டிவ் இல்லாமல் என்லார்ஜர் தலையை மேலே ஏற்றி, லென்ஸின் துளையை எஃப் 16க்குக் குறுக்குங்கள். ஒரு கீற்றில் 1, 2, 3, 4, 5 நொடி என்று படிப்படியாகக் காட்டி டெவலப் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாய் முதல் சாம்பல் எந்த நொடியில் விழுகிறதோ, அதுதான் உங்கள் அளவு. இப்போது புதுத் துண்டு ஒன்று முழுவதற்கும் அதே நொடிகளைக் கொடுங்கள்.

அந்தத் துண்டை, வழக்கமாகப் பேப்பர் கிடக்கும் இடத்தில் வைத்து, கறுப்பு அட்டையால் முழுக்க மூடுங்கள். மனத்துக்குள் ஐந்து பட்டையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சேஃப்லைட்டைப் போட்டு ஐந்தாம் பட்டையை மட்டும் திறங்கள். 4 நிமிடம் கழித்து நாலாவதையும், மேலும் 2 நிமிடம் கழித்து மூன்றாவதையும், மேலும் 1 நிமிடம் கழித்து இரண்டாவதையும் திறங்கள். இன்னும் 1 நிமிடம் விட்டு விளக்கை அணையுங்கள். முதல் பட்டை திறக்கவே படாது. ஐந்திலிருந்து இறங்குமுகமாக 8, 4, 2, 1, 0 நிமிடம் காட்டியாகிவிட்டது. இருட்டிலேயே முழு நேரம் டெவலப் செய்து ஃபிக்ஸ் பண்ணுங்கள்.

காய்ந்த பின் ஜன்னலோரம் பாருங்கள். முதல் பட்டையிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத கடைசிப் பட்டை எதுவோ, அதுவே உங்கள் விளக்கின் உண்மையான பாதுகாப்பு நேரம். அதில் பாதியைத்தான் செலவழிக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியிலிருந்து எடுத்தது, என்லார்ஜரில் சரிசெய்தது, டிரேயில் ஆட்டியது எல்லாம் சேர்த்துக் கணக்கு. சாதாரணமாக ஒரு பிரிண்ட் 3, 4 நிமிடம் வெளியே இருக்கும். 8 நிமிடப் பட்டை சுத்தமாக வந்தால் அந்த விளக்கை இனித் தொடாதீர்கள். 4 நிமிடப் பட்டையே சாம்பல் என்றால் தூரத்தைக் கூட்டி மறுபடி சோதியுங்கள். 2 நிமிடமே தாங்கவில்லை என்றால் தூரம் உதவாது, ஃபில்டரையோ பல்பையோ மாற்றவேண்டும்.

## அறிகுறி: சி.டி.யில் பச்சையோ நீலமோ தெரிகிறது

பழைய சி.டி. ஒன்றின் பளபளப்பான பக்கத்தில் சேஃப்லைட்டின் பிம்பத்தைப் பிடித்து, மெல்லச் சாய்த்துப் பாருங்கள். வானவில்லாகப் பிரியும். சிவப்புக் கீற்று மட்டும் தெரிந்தால் நல்லது. பச்சை எட்டிப்பார்த்தால் மல்டிகிரேடுக்கு ஆகாது. நீலம் தெரிந்தால் எதற்கும் ஆகாது. இருட்டில் 10 நிமிடம் கண் பழகிய பிறகு பாருங்கள். சி.டி. தோல்வி என்று சொன்னால் தோல்விதான். பாஸ் என்று சொன்னால் அப்படியே நம்பாமல் ஐந்து பட்டைச் சோதனையையும் செய்யுங்கள், மங்கலான கசிவு கண்ணுக்குத் தட்டாது.

நீலம் தெரிந்தால் காரணங்கள், மலிவிலிருந்து:

* சிவப்புக் கண்ணாடித்தாள். பூச்செண்டு சுற்றும் தாள் அது. நாலு மடிப்பு போட்டாலும் நீலத்தை விட்டுவிடும், சூட்டில் வெளுக்கும். தூக்கிப் போடுங்கள்.
* சாயம் பூசிய ஜீரோ வாட்ஸ் பல்பு. பெயர்தான் ஜீரோ, பழைய இழை பல்பு 15 வாட் வரை இழுக்கும். சாயம் உரிந்த ஊசிமுனைப் புள்ளி ஒன்று போதும், பேப்பர் காலி.
* சிவப்பு மூடி போட்ட எல்இடி இரவு விளக்கு. ஹோல்டரிலிருந்து கழற்றி மூடியைத் திறந்து பாருங்கள். அணைந்த நிலையில் உள்ளே மஞ்சள் பொட்டு தெரிந்தால் அது வெள்ளை எல்இடி. வெள்ளை எல்இடி என்பது நீல எல்இடி மேல் மஞ்சள் பூச்சு பூசியதுதான், ஏறக்குறைய 450 நானோமீட்டரில் நீலம் கொட்டும்.
* நிறம் மாறும் ரிமோட் பல்பு. சிவப்பில் வைத்தாலும் கரண்ட் போய் வந்ததும் வெள்ளையில் விழிக்கிற ரகம் உண்டு. டார்க்ரூமுக்குள் விடவே வேண்டாம்.

மாற்று என்னவென்றால், உண்மையான சிவப்பு எல்இடி. 620 நானோமீட்டருக்கு மேல் எரிவதால் மல்டிகிரேடு அதைக் கண்டுகொள்ளாது. 5 மில்லிமீட்டர் சிவப்பு எல்இடி மூன்றைத் தொடராக இணைத்து, கூடவே 330 ஓம், கால் வாட் ரெசிஸ்டர் ஒன்று, 12 வோல்ட் அடாப்டர். ஒவ்வொரு எல்இடியும் 2 வோல்ட் எடுக்கும், மிச்சம் 6 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்கும், 18 மில்லி ஆம்பியர் ஓடும். இப்படி இரண்டு வரிசை போட்டுக் கூரையைப் பார்க்கவைத்தால் ஒரு வளவு அறைக்குத் தாராளம். முன்னால் ஸ்கிரீன் பிரிண்டிங்காரர்கள் வெட்டும் ரூபிலித் சிவப்புப் படலம் ஒரு மடிப்பு ஒட்டிவிட்டால் லித் ஃபிலிமுக்கும் சோதித்துப் பார்க்கலாம். போர்டு கடையில் கிடைக்கும் சிவப்பு அக்ரிலிக்கில் நல்லதும் உண்டு, மோசமும் உண்டு. துண்டு வாங்கி சி.டி.யில் பார்த்த பிறகே பெரிய தகட்டுக்குக் காசு கொடுங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் பழைய சேஃப்லைட் கூடு கண்ணில் பட்டால் கூட்டுக்காக வாங்கலாம். உள்ளிருக்கும் ஃபில்டரை நம்ப வேண்டாம், அது வெளுத்திருக்கும்.

## அறிகுறி: நேற்றுவரை சரி, இன்று திடீரென்று ஃபாக் (சாம்பல் மூட்டம்)

என்ன புதிதாக வந்தது என்று கேளுங்கள். புதுப் பேப்பர் பெட்டியா? கிரேடிலிருந்து மல்டிகிரேடுக்கு மாறியிருந்தால் மஞ்சள் சாயல் விளக்கு தோற்றுப்போகும். புதிதாக இன்வெர்ட்டர், வைஃபை ரவுட்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்? அவற்றின் பச்சை, நீலப் பொட்டு விளக்குகளின் மேல் கறுப்பு டேப். கையில் ஸ்மார்ட் வாட்ச், பையில் போன்?

பெட்டி முழுக்கக் கறுத்துப்போனால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கரண்ட் போனபோது டியூப் லைட் சுவிட்ச் போட்டபடி கிடந்தது, பெட்டி திறந்திருக்கையில் கரண்ட் வந்துவிட்டது. வெள்ளை விளக்கின் சுவிட்சுக்கு மேல் ஒரு மூடி அடித்துவிடுங்கள்.

## அறிகுறி: அணைத்த பிறகும் வெள்ளை விளக்கு மினுங்குகிறது

டியூப் லைட், சிஎஃப்எல் என்றால் உள்பூச்சு சில நிமிடம் மினுங்கும், காத்திருங்கள். எல்இடி பல்பு விடாமல் மினுங்கினால் சுவிட்சில் சின்னச் சிவப்பு இண்டிகேட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் வழியாகக் கசியும் துளி மின்சாரமே போதும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சாக மாற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் போட்டிருக்கலாம். இதை எலக்ட்ரீஷியன்தான் பார்க்கவேண்டும். சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும் என்று அர்த்தம்.

## அறிகுறி: எல்இடி எரியவில்லை, சிமிட்டுகிறது, நாளுக்கு நாள் மங்குகிறது

ஒரு வரிசை மொத்தமாக எரியாவிட்டால் ஓர் எல்இடி தலைகீழாக இருக்கும், நீளக் கால் பிளஸ். சிமிட்டினால் சால்டர் விட்டிருக்கும், அல்லது ஃபிக்சர் தெறித்துப் பச்சைப் பாசியாகப் பிடித்திருக்கும். துடைத்து மறுபடி சால்டர். நாளுக்கு நாள் மங்கினால் மல்ட்டிமீட்டரில் அடாப்டரை அளந்து பாருங்கள். கனமான பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் 12 என்று எழுதிவிட்டு, பாரம் குறைவாக இருந்தால் 16 வோல்ட் கொடுக்கும். அப்போது 30 மில்லி ஆம்பியர் ஓடி எல்இடி வாடிவிடும். 470 ஓம் போடுங்கள், அல்லது அடாப்டரை மாற்றுங்கள்.

## அறிகுறி: பெட்டி சுடுகிறது, வாடை வருகிறது, தொட்டால் ஜிவ்வென்கிறது

சூடு என்றால் மூடிய டின்னுக்குள் இழை பல்பு. 15 வாட்டைத் தாண்டாதீர்கள், காற்றுத் துளைக்கு வெளியே வளைந்த தகடு ஒன்று வைத்து வெளிச்சத்தை மட்டும் மறையுங்கள். ஃபில்டர் வளைந்திருந்தால் மாற்றியே ஆகவேண்டும்.

ஜிவ்வென்றால் அங்கேயே நிறுத்துங்கள். மெயினை அணைத்துவிட்டு வெளியே வாருங்கள். ஈரக் கை, தகரப் பெட்டி, 230 வோல்ட் மூன்றும் ஒன்றாகச் சேரக் கூடாது. பழைய வீடுகளில் மரச் சட்டத்துக்குள் ஓடும் துணி சுற்றிய ஒயர், எர்த் இல்லாத இரண்டு முள் பிளக் இரண்டும் இன்னும் உண்டு. அந்த அறைக்கு எர்த் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடவேண்டும். இது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை, நாமே முயலும் வேலை அல்ல. ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால் அதை நீக்கிவிடாமல் அவரையே மறுபடி கூப்பிடுங்கள். வேலை முடியும்வரை அடாப்டரை அறைக்கு வெளியே செருகி, 12 வோல்ட் ஒயரை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள்.

## அறிகுறி: சிவப்பில் பார்த்தால் நல்ல பிரிண்ட், வெளியே கொண்டுவந்தால் வெளிறல்

விளக்கு கெடவில்லை. சிவப்பு வெளிச்சத்தில் பிரிண்ட் உள்ளதைவிடக் கறுப்பாகத் தெரியும், அதனால் டெவலப்பரிலிருந்து சீக்கிரம் தூக்கிவிடுகிறோம். கடிகாரத்தைப் பார்த்து முழு நேரம் விடுங்கள், கண்ணை நம்பி எடுக்காதீர்கள். ஃபிக்சரில் நன்றாக ஊறிய பிறகு வெள்ளை விளக்கில் பாருங்கள். ஃபைபர் பேப்பர் (பிளாஸ்டிக் பூச்சில்லாதது) என்றால் ஈரத்தில் சரியாகத் தெரிவது காய்ந்தபின் இன்னும் ஒரு சாயல் கறுக்கும்.